பனி அடைத்த வீடு



எதிர்பாராது வாய்க்கும் விடுமுறைக்கு ஒரு தனிச்சுவை உண்டு. நாட்காட்டியில் சிவப்பு மையில் அச்சாகி வரும் விடுமுறையில் அதனைக் காண இயலாது. பனி பொழியும் நாடுகளில் அவ்விடுமுறையை அளிப்பது வானம். ஓரிரவில் பாதைகள் மறைந்துபோக, பள்ளியும் சந்தையும் எட்டாத் தொலைவிற்குச் சென்றுவிட, வீட்டிலுள்ளோர் அனைவரும் ஒரே நெருப்பைச் சுற்றி அமர நேர்கிறது. அத்தகைய நாட்களைப் பாடிய நெடுங்கவிதை ஒன்று 1866 பிப்ரவரியில் அமெரிக்காவில் வெளிவந்தது. ஜான் கிரீன்லீஃப் விட்டியர் இயற்றிய ‘ஸ்னோ பவுண்ட்’ என்பது அது. ‘பனி அடைத்த வீடு’ எனத் தமிழில் அதனை வழங்கலாம்.

விட்டியர் 1807-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹேவரில் ஊர்ப்புறத்தில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1688-இல் அவருடைய முன்னோர் கட்டிய பண்ணைவீடே கவிதையின் களம். பெற்றோர், தந்தையுடன் பிறந்த மோசஸ், தாயுடன் பிறந்த மெர்சி, அக்காள் மேரி, தம்பி மேத்யூ, கடைக்குட்டித் தங்கை எலிசபெத். இவர்களோடு ஊர்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், விருந்தாக வந்திருந்த பெண்மணி ஒருவர். இத்தனை பேரையும் ஒரு டிசம்பர் மாதப் பனி உள்ளே வைத்து அடைத்துவிடுகிறது.

ஓர் இரவும் மறுநாள் பகலும் ஓயாது பொழிந்த பனி, இரண்டாம் காலையில் உலகை வேறாக்கிக் காட்டுகிறது. தமக்குச் சொந்தமான எப்பொருளையும் வீட்டாரால் அடையாளம் காண இயலவில்லை. கிணற்றுத் துலா பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரமாய் நிற்கிறது. சொல்லை வீணாக்காத தந்தை, தொழுவத்துக்கு வழி வெட்டுமாறு பிள்ளைகளை ஏவுகிறார். பனி மிக ஆழ்ந்து கிடந்த இடத்தில் அவர்கள் சுரங்கமே குடைந்துவிடுகின்றனர். அது அலாவுதீனின் குகையாகிறது. வழி பிறந்ததும் குதிரையும் காளைகளும் செம்மறிகளும் வந்தவரை வரவேற்கின்றன. பண்ணைப் பிள்ளைகளுக்குப் பனிநாள் வேலையற்ற நாள் அன்று என்பது இங்கே கருதத்தக்கது. மாட்டுக்குத் தீனி வைத்தாக வேண்டும். விறகு கொணர்ந்தாக வேண்டும். வேலை விளையாட்டாக மாறியதே அவர்களுக்கு வாய்த்த விடுமுறை.

மாலையில் பெருங்கணப்பு மூட்டப்படுகிறது. ஆப்பிள்கள் வரிசையாக நெருப்பருகே வெதும்புகின்றன. ஆப்பிள் மது சூடேறுகிறது. கூடையில் காட்டுக் கொட்டைகள். தந்தை தாம் இளமையில் திரிந்த காடுகளின் கதையைச் சொல்கிறார். தாய் நூற்றுக்கொண்டே, தம் முன்னோர் காலத்துப் போர்க்கதையைச் சொல்கிறார். ஏட்டறிவு இல்லாத மோசஸ், பறவையும் விலங்கும் பேசுவதை அறிந்தவராகக் காட்டப்பெறுகிறார். கவிதையின் மிகச் சிறந்த பகுதி இதுவே. விருந்தினரான பெண்மணியோ சினமும் பக்தியும் கலந்தவர், எவரையும் அஞ்சவைக்கும் பார்வையினர். இனிய நினைவை மட்டும் எழுத விரும்பியிருப்பின் கவிஞர் அவரை விட்டிருக்கலாம், விடவில்லை. ஆசிரியரைப் பாடும் இடத்தில் கவிதை சற்றே மேடைப்பேச்சாகிவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நெடுநல்வாடையைப் பயின்றவர்க்கு இக்கவிதை ஒரு வியப்பைத் தரும். நக்கீரரும் குளிரைத்தான் பாடினார். கோவலர் கைகளைத் தீயில் காய்ச்சுகின்றனர். மேய்ச்சலை மறந்து விலங்குகள் நடுங்குகின்றன. மாடங்களில் விசிறி தொழிலற்றுத் தொங்க, தடவில் நெருப்பு எரிகிறது. ஆயினும் அரசி தனித்திருக்கிறாள். அரசன் பாசறையில் இருக்கிறான். அங்கே குளிர் பிரிவை மிகுவிக்கிறது. விட்டியரின் வீட்டிலோ எவரும் பிரிந்து செல்ல இயலாதபடி பனி வாயிலைக் காக்கிறது. இரண்டும் எதிரெதிரானவை போல் தோன்றும்.

அத்தோற்றம் நிலைப்பதில்லை. இக்கவிதை எழுதப்பட்ட காலத்தைச் சிறிது நோக்க வேண்டும். விட்டியர் தம் வாழ்வின் முப்பது ஆண்டுகளை அடிமைமுறை ஒழிப்புக்கே அளித்தவர். 1838-இல் பிலடெல்பியாவில் அவருடைய இதழ் அலுவலகம் இருந்த மன்றத்தை வெறிக்கூட்டம் தீயிட்டு எரித்தது. 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமைமுறையும் சட்டத்தால் ஒழிந்தது. போராடியவர் ஓய்ந்து வீட்டிற்குள் திரும்பிப் பார்க்கையில், வீடு வெறுமையாக இருந்தது. தந்தை, தாய், மோசஸ், மெர்சி, மேரி என ஒவ்வொருவராக மறைந்திருந்தனர். மணம் செய்துகொள்ளாத அவருக்கு இறுதிவரை துணையாயிருந்த எலிசபெத்தும் 1864 செப்டம்பரில் இறந்தார். கணப்பைச் சூழ்ந்திருந்த குடும்பத்தாருள் எஞ்சியவர் அவரும் தம்பி மேத்யூவுமே.

ஆகவேதான் கணப்பு கொழுந்துவிட்டு எரியும் வேளையிலேயே கவிதை திடீரெனத் தடுமாறுகிறது. இத்தனை பேர் போனபின்னும் உயிர்வாழ்தல் எத்துணை விந்தையானது என்று தம்பியை விளித்துக் கேட்கிறார் கவிஞர். பிறகு மீண்டும் கதைகளுக்குத் திரும்புகிறார். எலிசபெத்தின் முறை வரும்போது அவரால் கதை சொல்ல இயலவில்லை. அவள் கல்லறைமீது பல திங்கள் குளிர்காலப் பனியின் பாரம் கிடந்ததையும், பனி உருகிக் கோடைக்காற்று வீசிப் பூக்கள் மலரும்போது, அவளோடு நடந்த வழிகளில் தாம் தனியே நடப்பதையும் கூறுகிறார். குழந்தைகளை மகிழ்வித்த அதே பனிதான் தங்கையின்மேல் கிடந்தது. இதனை அவர் விளக்கிச் சொல்லவில்லை; இரண்டு பனியையும் ஒரு கவிதைக்குள் வைத்தார், அவ்வளவே. கிராமத்து இன்பத்தைப் பாடும் எளிய பாட்டு எனப் பிற்காலத்தில் இதனை ஒதுக்கியோர் இந்த இடத்தை விரைந்து கடந்திருக்க வேண்டும்.

அந்தப் பனிநாட்களும் முடிகின்றன. எருதுகளைப் பூட்டி ஊரார் பாதையைத் திறக்கின்றனர். மருத்துவர் வாயிலில் நின்று, நோயுற்ற ஒருவரைப் பேண அன்னையின் உதவியைக் கேட்கிறார். வீட்டிலிருந்த சில நூல்களையே திரும்பத் திரும்பப் படித்து ஒரு வாரம் கழிந்தபின் செய்தித்தாள் வருகிறது. தொலைநாட்டுப் போர்களும் ஊர்ச் செய்திகளும் வீட்டினுள் நுழைகின்றன.

அதுவரை எழுத்தால் பெரும்பொருள் காணாத விட்டியருக்கு இந்நூல் பத்தாயிரம் டாலர் ஈட்டித் தந்தது. அவருக்கு அப்போது வயது 58. எலிசபெத்தும் கவிதை எழுதியவரே. பின்னாளில் தம் தொகுப்பு ஒன்றை வெளியிட்டபோது, தங்கையின் கவிதைகளையும் அதில் தம் கவிதைகளோடு சேர்த்து அச்சிட்டார் விட்டியர்.