செபத்திற்கு ஆகாத இடம் உண்டா?

(பவள விழா ஆண்டின் தவக்காலத் தியானத்தில், நிறைவு நாளாகிய வெள்ளிக்கிழமை மாலை பங்குக்குரு ஆற்றிய உரை)



இந்த ஆண்டு முழுவதும் நாம் இக்கோவிலின் பெருமையைப் பேசி வருகிறோம். அடித்தளத்திற்குக் கல் சுமந்த முன்னோர்கள், கோபுரத்து மணி, பீடம், கொடிமரம் எல்லாவற்றையும் நன்றியோடு நினைத்துப் பார்க்கிறோம். அது தக்கதே. ஆனால் இன்று மாலை நான் எடுத்துக்கொண்ட பொருள், மேலோட்டமாகப் பார்த்தால், கோவில் விழாவுக்கே எதிரானதுபோல் தோன்றும். கோவிலுக்கு வெளியே செபிப்பதைப் பற்றிப் பேசப்போகிறேன். செபத்திற்கு ஆகாத இடம், ஆகாத நேரம் என்று ஏதாவது உண்டா என்று உங்களோடு சேர்ந்து கேட்கப்போகிறேன்.

இது பொழுது போகாதவர்கள் கேட்கும் கேள்வி அல்ல. "சாமி, மீன் அறுத்த கையோடு அருள்நிறை செபம் சொல்லலாமா?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். "அந்த மூன்று நாளும் செபமாலையைத் தொடலாமா?" என்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்பவர்களும் உண்டு. ஆண்கள் இப்படிக் கேட்பதில்லை. அவர்கள் கேள்வி வேறு: "கடவுள் எங்கும் இருக்கிறாரே சாமி, அதற்குக் கோவிலுக்குத்தான் வரவேண்டுமா?" ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மணி அடித்த பிறகு தேநீர்க் கடைப் பெஞ்சிலிருந்து எழும் கேள்வி இது. இதற்கும் விடை உண்டு, பிறகு வருகிறேன். தாய்மார்களின் கேள்விதான் கனமானது. அதை முதலில் எடுத்துக்கொள்வோம்.

ஆண்டவரிடமே இக்கேள்வியைக் கேட்டவள் ஒரு பெண்தான். யாக்கோபின் கிணற்றருகே, நடுப்பகல் வேளையில், தண்ணீர்க் குடத்தோடு வந்த சமாரியப் பெண் அவள் (யோவா 4). எங்கள் முன்னோர் இந்தக் கெரிசிம் மலையில் தொழுதார்கள், யூதர்களாகிய நீங்களோ எருசலேம் என்கிறீர்கள், எது சரி என்று கேட்டாள். இரண்டு இனத்தார் பல நூறு ஆண்டுகளாகச் சண்டையிட்டுக்கொண்டிருந்த வழக்கு அது. நம் ஆண்டவர் இந்த மலையும் அல்ல, எருசலேமும் அல்ல என்று தீர்ப்புச் சொன்னார். தந்தையை ஆவியிலும் உண்மையிலும் தொழவேண்டும் என்றார். இதை அவர் எங்கிருந்து சொன்னார் என்பதையும் கவனியுங்கள். வழி நடந்து களைத்து, ஒரு கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்துகொண்டு, தாகத்திற்குத் தண்ணீர் கேட்டுக்கொண்டே சொன்னார்.

திருநூலைப் புரட்டினால், நல்ல இடத்தில் நின்று செபித்தவர்களைவிட, ஆகாத இடத்தில் அகப்பட்டுச் செபித்தவர்களே நம் நினைவில் நிற்கிறார்கள். யோனா மீனின் வயிற்றில் செபித்தார். மூன்று இளைஞர்கள் சூளைக்குள் நின்று பாடினார்கள். பவுலும் சீலாவும் பிலிப்பி நகர்ச் சிறையில், முதுகெல்லாம் அடிபட்ட புண், கால்கள் தொழுமரத்தில், நள்ளிரவில் புகழ்ப்பா பாடினார்கள். மற்றக் கைதிகள் காது கொடுத்துக் கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறது (திப 16:25). பேதுருவுக்கு முழங்கால் படியிடத் தரையே இல்லை, தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்தார். அவருடைய செபம் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. அது போதுமானதாக இருந்தது.

நாங்கள் குருமடத்தில் படித்த காலத்தில், 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓரிஜன் என்ற அறிஞரின் செபத்தைப் பற்றிய நூலைப் பாடமாக வைத்திருந்தார்கள். நன்றாகச் செபிப்பவனுக்கு எல்லா இடமும் தகுந்த இடமே என்று அவர் அதில் தெளிவாகச் சொல்லிவிட்டு, பிறகு ஓரிடத்தில் சற்றுத் தயங்குகிறார். கணவனும் மனைவியும் கூடி வாழும் படுக்கையறை செபத்திற்குத் தகுமா என்று யோசிக்கிறார். எவ்வளவு பெரிய அறிஞராக இருந்தாலும் இதில் அவரைப் பின்பற்ற வேண்டியதில்லை. தோபித்து நூலில் விடை இருக்கிறது. தோபியாவும் சாராவும் மணநாள் இரவில், அறைக்கதவு அடைக்கப்பட்ட பின், படுக்கையிலிருந்து எழுந்து சேர்ந்து செபித்தார்கள் (தோபி 8). திருமணமானவர்களே, உங்கள் வீட்டில் அந்த அறையிலும் ஒரு சிலுவை தொங்கட்டும்.

இனி அந்த மூன்று நாள் பற்றி. பழைய சட்டத்தின்படி உதிரப் போக்குள்ள பெண் தீட்டுள்ளவள், அவளைத் தொட்டவரும் தீட்டுப்பட்டவர் (லேவி 15). 12 ஆண்டுகள் அந்த நோயால் வாடிய ஒரு பெண் கூட்டத்திற்குள் நுழைந்து, பின்னாலிருந்து ஆண்டவருடைய மேலுடையைத் தொட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார். அவள் நடுங்கிக்கொண்டு வந்து விழுந்தாள், தான் செய்தது குற்றம் என்றே நினைத்தாள். அவர் அவளை மகளே என்று அழைத்தார் (மாற் 5). நற்செய்திகளில் அவர் ஒரு பெண்ணை அப்படி அழைத்தது இவளைத்தான். இதற்கு மேலும் அத்தாட்சி வேண்டுமா? பாப்பரசர் புனித பெரிய கிரகோரியார், இங்கிலாந்து நாட்டுக்கு வேதம் போதிக்கச் சென்ற அகுஸ்தீனுக்கு 601-ஆம் ஆண்டில் எழுதிய பதிலைப் பேதா என்ற வரலாற்று ஆசிரியர் காத்துத் தந்திருக்கிறார். மாதவிலக்கு நாள்களில் ஒரு பெண்ணைக் கோவிலுக்குள் வராமல் தடுக்கக்கூடாது, நற்கருணை வாங்குவதையும் தடுக்கக்கூடாது, பிள்ளை பெற்றவள் அன்றே கோவிலுக்கு வந்தாலும் பாவமில்லை என்பது பாப்பரசரின் விடை. 1400 ஆண்டுகளுக்கு முன்பே தீர்ந்துபோன வழக்கு இது. ஆனால் நம் வீடுகளில் இன்னும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறது. பெண் பிள்ளைகளுக்குச் செபமாலையை வாங்கிக் கொடுக்கும்போதே இதையும் சொல்லிக் கொடுங்கள்.

மீன் அறுத்த கைக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். புனித கிறிசோஸ்தம் அருளப்பர், கடையில் உட்கார்ந்திருப்பவனும், தெருவில் நடப்பவனும், சமையல் செய்பவளும் நல்ல செபம் செய்ய முடியும் என்று போதித்தவர். பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் லாரன்ஸ் என்ற சகோதரர் பல ஆண்டுகள் சமையற்கட்டில் வேலை செய்தார். அவருக்குச் சமையல் வேலை பிடிக்கவே பிடிக்காது. இருந்தும் அடுப்புக்கு முன்னால்தான் இறைவனுடைய சந்நிதியை உணரக் கற்றுக்கொண்டார். 1691-இல் அவர் இறந்த பின்பு, அவருடைய பேச்சும் கடிதமும் உலகமெங்கும் பரவின. நம் ஊரில் பனையேறுகிறவர்கள் மரத்தைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். உச்சியில் இரண்டு கையும் பாளையிலும் அரிவாளிலும் இருக்கும், குவித்துக் கும்பிட இயலாது. கால் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் சொல்லும் இயேசு மரி சூசை என்ற பெயர்களை ஆண்டவர் கேட்கமாட்டாரா என்ன!

இதையெல்லாம்விட நமக்கு நெருங்கிய சான்று ஒன்று உண்டு. புனித தேவசகாயத்தைச் சொல்கிறேன். 1712-இல் நட்டாலத்தில் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவல் பார்த்த நீலகண்டபிள்ளை, டச்சுப் படைத்தலைவர் டிலனாயின் வழியாக நம் வேதத்தை அறிந்து, 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1749-இல் கைது செய்யப்பட்டார். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் சங்கிலியால் பிணைத்து மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். வெயிலும் மழையும் அவர் தலைமேல். பீடம் இல்லை, மெழுகுதிரி இல்லை, மணி இல்லை, உட்காரவும் நிற்கவும் தன் விருப்பம் இல்லை. அங்கே அவர் செபித்தார். அவரைப் பார்க்க மக்கள் வந்தார்கள், தங்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்டார்கள் என்பது வழிவழியாக வரும் செய்தி. அதனால்தான் அங்கிருந்தும் அவரை அகற்றவேண்டியதாயிற்று. 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்கருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் கடைசியாக முழங்காலிட்ட பாறையை இன்றும் மக்கள் காட்டுகிறார்கள். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். கைதியைக் கட்டி வைக்கத் தேர்ந்தெடுத்த இடமும், கொல்லத் தேர்ந்தெடுத்த இடமும் இன்று நாம் வண்டி கட்டிக்கொண்டு செபிக்கப் போகிற இடங்கள்.

ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு உண்மை சொன்னவன் ஆகமாட்டேன். செபிக்கவே முடியாத நேரம் உண்டு. மருத்துவமனை வராந்தாவில், சேதிக்காகக் காத்துக்கொண்டிருக்கும்போது, பரலோக மந்திரத்தின் இரண்டாம் வரி நினைவுக்கு வராது. வியட்நாம் நாட்டு ஆயர் நுயென் வான் துவான் 1975 ஆகஸ்டு 15-இல் கைதாகி 13 ஆண்டுகள் சிறையில் இருந்தார், அதில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. வயிற்று வலிக்கு மருந்து என்று எழுதி அனுப்பப்பட்ட திராட்சை இரசத்தில் 3 துளியும், தண்ணீரில் 1 துளியும் உள்ளங்கையில் ஏந்தி அவர் திருப்பலி நிறைவேற்றினார். இது பலருக்குத் தெரியும். உடல் நலிந்து, ஒரு செபமும் சொல்ல முடியாமற்போன காலங்களும் தமக்கு இருந்தன என்று அவரே கூறியிருப்பது அவ்வளவாகத் தெரியாது. நமக்குச் சொல் அகப்படாதபோது தூய ஆவியார் நமக்காகப் பரிந்து பேசுகிறார் என்று புனித பவுல் எழுதியது (உரோ 8:26) இப்படிப்பட்ட வேளைகளுக்காகத்தான். துக்க வீட்டில் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த யாரும் தாம் செபிக்கவில்லை என்று மனம் வருந்தவேண்டாம். பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லட்டும், நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள்.

இப்போது பெஞ்சில் இருப்பவர்களிடம் வருகிறேன். எங்கும் செபிக்கலாம் என்றால் கோவில் எதற்கு? ஆண்டவர் மலையில் செபித்தார், பாலைநிலத்தில் செபித்தார். ஆனாலும் ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்திற்குப் போவது அவருடைய வழக்கம் என்று லூக்கா எழுதுகிறார் (லூக் 4:16). தீப்பெட்டி அருமையாக இருந்த காலத்தில், ஒரு வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டால் அடுத்த வீட்டிலிருந்து ஒரு கங்கு வாங்கிவந்து மூட்டுவார்கள். தெருவில் ஒரு வீட்டிலாவது நெருப்பு அணையாமல் இருந்தால்தான் அது நடக்கும். தேநீர்க் கடையில் செபிக்கலாம் என்று சொல்லும் அன்பரே, மிகவும் சரி, செபியுங்கள். செபிக்கிறீர்களா என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.

சரி, எந்த இடத்திலும் செபம் நிற்கவேண்டியதில்லையா? நிறுத்திவிட்டு எழுந்து போ என்று நம் ஆண்டவர் எங்குமே சொல்லவில்லையா? ஓரிடத்தில் சொன்னார். சிறைச்சாலையைச் சொல்லவில்லை, சமையற்கட்டைச் சொல்லவில்லை, சந்தையைச் சொல்லவில்லை. பீடத்தைச் சொன்னார். காணிக்கையோடு பீடத்தின் முன் நிற்கும்போது, உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் அவனோடு உறவாடிவிட்டு வா என்றார் (மத் 5:23-24). உனக்கு அவன்மேல் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் என்றார். இதை நாம் அவ்வளவு சீக்கிரம் தாண்டிவிடக் கூடாது.

தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியதும் அவர்மேல் சுமத்தப்பட்ட குறைகளில் ஒன்று. அதே ஊரில், அவர் இரத்தம் சிந்தி நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுந்த பெரிய கோவிலில், ஒரு பீடத்திற்கு இரண்டு கூடங்கள் அமைத்து, ஒரு சாதியார் மற்றொரு சாதியாரின் கண்ணில் படாதபடி நடுவே தடுப்பு வைத்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தடுப்பை இடித்தபோது, இடித்தது தவறு என்று வழக்குப் போட்டு, அது சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. மரத்தில் கட்டப்பட்டவர் எல்லாருக்காகவும் செபித்தார். கோவிலுக்குள் இருந்தவர்கள் செபிக்க நடுவில் ஒரு தடுப்பு வேண்டியிருந்தது. எந்த இடம் ஆகாத இடம்?

அந்த ஊரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் கோவிலில் தடுப்பு இல்லை. ஆனால் நான் பீடத்திலிருந்து பார்க்கிறேன். வலப்பக்கம் உட்காருகிற குடும்பம் ஒன்று, இடப்பக்கம் உட்காருகிற குடும்பம் ஒன்று, இடையில் ஒரு வரப்பு. அரை அடி அகலம்கூட இல்லாத வரப்பு. சமாதானம் பகிரும் நேரத்தில் அண்ணனும் தம்பியும் எதிரெதிர்த் திசையில் திரும்பிக் கும்பிடுகிறார்கள். விழா அழைப்பிதழில் யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதிலேயே இரண்டு மாதமாகப் பேச்சு நின்ற வீடுகள் உண்டு. பவள விழாத் திருப்பலிக்கு ஆயர் வருவார், கொடி ஏறும், பந்தல் நிறையும். அன்று நம் காணிக்கையைப் பீடத்தில் வைக்கலாமா, வைக்காமல் எழுந்து போகவேண்டுமா என்பதை இந்தத் தவக்காலத்தில்தான் தீர்மானிக்கவேண்டும்.

நாளை சனிக்கிழமை மாலை 4 மணிக்குப் பாவசங்கீர்த்தனம் தொடங்கும். பக்கத்துப் பங்குகளிலிருந்து இரண்டு குருக்கள் உதவிக்கு வருகிறார்கள். வரிசையில் முதல் ஆளாக நிற்கவேண்டும் என்று யாரும் அவசரப்படவேண்டாம். யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். அங்கே முதலில் போங்கள். அவர்கள் கதவைத் திறக்காவிட்டால் திண்ணையில் சற்று உட்காருங்கள், அங்கும் செபிக்கலாம். நாளை இரவு 10 மணி வரை கோவில் கதவை அடைக்கவேண்டாம் என்று உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறேன்.