தறியும் குடும்பமும்

(நெசவாளர் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



நூல் விலை, கூலி, சரக்குத் தேக்கம் ஆகியவற்றைப் பற்றி நம் கூட்டங்களில் அடிக்கடி பேசுகிறோம். இன்று தறி இருக்கும் வீட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல உத்தேசிக்கிறேன்.

ஆலைத் தொழிலாளி சங்கு ஊதியதும் வேலையை விட்டு வீடு திரும்புகிறான். கைத்தறிக்காரனுக்கோ வீடே தொழிற்சாலை. குழித்தறிக்குச் சற்றுத் தள்ளி அடுப்பு. தொட்டில் தொங்குவதும் அதே கூடத்தில்தான். இதனால் உண்டாகும் சௌகரியம் பெரிது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போக வேண்டியதில்லை. குழந்தைகள் பெற்றோர் கண்ணெதிரில் வளர்கின்றன. ஆயினும் வரப்பில்லாத வயலில் தண்ணீர் நிற்பதில்லை. தொழிலுக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஒரு வரப்புக் கட்டாவிட்டால் இரண்டுமே வறண்டுபோகும்.

முதலாவது, உழைப்பின் கணக்கு. சேலை ஒன்றுக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படும் கூலி, தறியில் உட்காருபவர் பேருக்கு எழுதப்படுகிறது. ஆனால் பாவு ஓட்டி, அதைப் பாவடியில் விரித்துக் கஞ்சி போட்டு, இழைகளைப் பிணைத்து, தார் சுற்றிக் கொடுத்தால்தான் நாடா ஓடும். இவ்வேலைகளில் பெரும்பகுதியை வீட்டுப் பெண்கள் சமையலுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் இடையே செய்கிறார்கள். 2019-20-இல் நடந்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, இத்தொழிலிலுள்ள 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 70 பேருக்கு மேல் பெண்களே.

ஓர் உதாரணம் பாருங்கள். ஒருவர் தினம் 8 மணி நேரம் உட்கார்ந்து 4 நாளில் ஒரு சேலை நெய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 32 மணி. மனைவி தினம் 3 மணி தார் சுற்றினால் 12 மணி. பாவு வேலையில் அந்தச் சேலைக்குரிய பங்கு 4 மணி. ஆக 48 மணி. அதாவது 6 நாள் உழைப்பு. கூலி 1,200 ரூபாய் என்றால், நாளொன்றுக்கு 300 ரூபாய் சம்பாதித்ததாக அவர் எண்ணுகிறார். உண்மையில் கிடைத்தது 200 ரூபாயே.

இக்கணக்குப் பாராத வீட்டில் என்ன நேருகிறது? வரும்படி போதவில்லையென்று விளக்கு வைத்த பிறகும் தறி ஓடுகிறது. தார் சுற்றக் கை போதாமல் மூத்த பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துகிறார்கள். மாதத்தில் இரண்டொரு சேலை அதிகமாகலாம். அந்த லாபம் அப்பெண்ணின் படிப்பிலிருந்து எடுத்த கடன். அதைத் திருப்பிக் கொடுக்க எந்தச் சங்கத்தாலும் இயலாது. 2009-ஆம் வருஷத்துச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைக் குழந்தைகளின் உரிமையாக்கியிருக்கிறது. அந்த வயதுக் குழந்தையின் கைக்குப் புத்தகமே உரியது.

இரண்டாவது, பணத்தின் கணக்கு. தறிப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே டப்பாவில் போடலாகாது. அச்சு, விழுது, நாடா பழுதுபார்க்க வைத்த தொகையைப் பண்டிகைக்குச் செலவிட்டால், தறி நிற்கும் நாளில் வியாபாரியிடம் முன்பணம் கேட்டுக் கைநீட்ட நேரிடும். முன்பணம் வாங்கியவன் கூலியைப் பற்றி வாய் திறக்க முடியாது. அந்தக் கட்டிலிருந்து விடுபடுவதற்காகவே நெசவாளர் சங்கங்கள் ஏற்பட்டன. 1935-இல் சென்னை மாகாணத்தில் கைத்தறி நெசவாளர்களுக்கென்று தோன்றிய தலைமைச் சங்கமே இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்குகிறது.

மூன்றாவது, மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாவடியில் பாவு விரிக்க முடியாது, குழியில் ஈரம் ஊறும், தறி நிற்கும். ஆனால் அடுப்பு நிற்பதில்லை. ஆகையால் தை முதற்கொண்டே ஒவ்வொரு கூலியிலும் ஒரு சிறு பாகத்தைச் சேமிப்பில் போட்டு வாருங்கள். நம் ராஜ்யத்தில் நெசவாளர் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டம் 1975-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. அங்கத்தினர் கூலியில் பிடிக்கும் தொகையோடு சர்க்காரும் ஒரு பங்கு சேர்க்கிறது. அதை அவசரப்பட்டு எடுத்துச் செலவழியாதீர்கள்.

நான்காவது, நேரத்தின் கணக்கு. கடையைப்போலத் தறிக்கும் திறக்கும் வேளை, மூடும் வேளை வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். ஆண்கள் தண்ணீர் எடுத்தால், குழந்தையைச் சற்று ஏந்திக்கொண்டால், கௌரவம் குறைந்துவிடாது. தாருக்காக ஒரு கை உழைக்கும்போது அடுப்புக்காக மற்றொரு கை உதவுவதே நியாயம். தறியில் நெய்யும் சகோதரிகள் தங்கள் பேரிலேயே அங்கத்தினராகச் சேர்ந்து, கூலியைத் தங்கள் கணக்கிலேயே பெற வேண்டும். சங்கத்தில் கணவருக்கு வாக்கு இருப்பதுபோல் அவர்களுக்கும் ஒரு வாக்கு உண்டு.

முடிவாக ஒரு வேண்டுகோள். அடுத்து ஏற்றும் பாவில், ஒரு சேலைக்கு வீட்டில் யார் யார் எத்தனை மணி உழைத்தார்கள் என்பதை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளி செல்லும் பிள்ளை எழுதித் தரட்டும். அடுத்த கூட்டத்தில் அந்த நோட்டுகளை ஒன்றுசேர்த்து நிர்வாகக் கமிட்டியார் முன் வையுங்கள். கூலியை உயர்த்தக் கேட்பதற்கு அதைவிட நல்ல மனு கிடையாது. கூலி உயரும் முன்பே அக்கணக்கு வீட்டில் ஒரு காரியம் செய்யும்: தார் சுற்றும் கையும் சம்பாதிக்கும் கைதான் என்பதைக் குடும்பத்தார் எல்லோரும் அறிந்துகொள்வார்கள்.