உடற்பயிற்சியும் தன்னம்பிக்கையும்: எடைத்தராசு சொல்லாத செய்தி

யூனியன்வில் வாழ் தமிழ் மக்களுக்கான உடல்நலக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை



யூனியன்வில் பிரதான வீதியில் 16ஆம் இலக்கத்தில் மார்க்கம் பான் ஆம் நிலையம் அமைந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டிகள் ரொறன்ரோவில் நடந்தபோது பட்மின்டன், மேசைப்பந்தாட்டம், நீர்ப்பந்தாட்டம் ஆகியவை இந்த நிலையத்திலேயே நடைபெற்றன. மார்க்கத்தில் வளர்ந்த மிஷெல் லீ பட்மின்டன் பெண்கள் ஒற்றையர் பிரிவில் தங்கப்பதக்கம் வென்றதும் இங்கேதான். போட்டிகள் முடிந்தன, வீரர்கள் தத்தம் நாடுகளுக்குத் திரும்பினார்கள், கட்டடம் நகர மக்களிடம் வந்து சேர்ந்தது. 50 மீற்றர் நீச்சல் தடாகமும், விளையாட்டு மண்டபமும், உடற்பயிற்சிக்கூடமும் இன்று எவரும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தக்கூடியவை.

இருந்தும் அந்தக் கட்டடத்தைத் தினமும் கடந்து செல்லும் தமிழர்களுள் பலர் அது தமக்குரிய இடமென்று கருதுவதில்லை. பேரப்பிள்ளையை நீச்சல் வகுப்புக்கு அழைத்து வருகிறார்கள். பிள்ளை உள்ளே போனதும் வெளியிலுள்ள வாங்கில் அமர்ந்து தொலைபேசியைப் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். உடற்பயிற்சிக்கூடத்தின் கதவு சில அடி தொலைவில்தான் இருக்கும். ஆனால் அது இளைஞர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் உரியது என்ற எண்ணம் காலைக் கட்டிப்போடுகிறது. அந்த வாங்கில் கழியும் நேரத்தைப் பற்றியதே இந்த உரை.

உள்ளே போனவர்களின் கதையும் எப்போதும் இனிதாக முடிவதில்லை. புத்தாண்டில் உறுதி எடுத்துக்கொண்டு தொடங்குகிறவர்கள் பலர் பனி உருகுவதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடைதான் வரும்: "இரண்டு மாதம் போனேன், எடை குறையவில்லை." எடைத்தராசு அவர்களை ஏமாற்றிவிட்டது என்பதை அவர்கள் அறிவதில்லை. இதற்கு மிகச் சிறந்த சான்று சென்னையிலிருந்து கிடைத்திருக்கிறது.

நீரிழிவு மருத்துவர் அ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006ஆம் ஆண்டு வெளியாயின. குருதியில் சர்க்கரை இயல்பைக் கடந்திருந்தும் நீரிழிவு என்ற நிலையை இன்னும் எட்டாத 531 பேர் அதில் பங்குபற்றினார்கள். சராசரி வயது 46. இவர்கள் வீரர்கள் அல்லர். நடுத்தர வகுப்பைச் சேர்ந்த சாதாரண மனிதர்கள். நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருக்கு உணவில் சர்க்கரை, கொழுப்பு, தீட்டிய தானியம் ஆகியவற்றைக் குறைக்குமாறும், நாள்தோறும் குறைந்தது 30 நிமிடம் விரைவாக நடக்குமாறும் ஆலோசனை வழங்கப்பட்டது. இன்னொரு குழுவினருக்கு மெட்ஃபோமின் மாத்திரை. மூன்றாவது குழுவினருக்கு இரண்டும். நான்காவது குழுவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும்.

மூன்று ஆண்டுகளில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடையும் உணவு மாற்றமும் மேற்கொண்டவர்களில் அது 39.3 சதவீதம். மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 40.5 சதவீதம். நடைக்கும் உணவுக்கும் மேலாக மாத்திரையையும் சேர்த்துக்கொண்டவர்களுக்குக் கூடுதல் பயன் எதுவும் தெரியவில்லை. மாத்திரை செய்த வேலையை நடையும் உணவும் செய்துவிட்டன என்பதே இதன் பொருள். (ஏற்கெனவே மாத்திரை எடுத்து வருகிறவர்கள் இதைக் கேட்டுத் தாமாகவே நிறுத்திவிடலாகாது. இந்த ஆய்வு நீரிழிவு வருமுன் இருந்தவர்களைப் பற்றியது.)

இந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. பயன் அடைந்த அந்தக் குழுவினரின் உடல் எடையில் குறிப்பிடத்தக்க குறைவு ஏற்படவில்லை. அவர்கள் தராசை மட்டும் நம்பியிருந்தால், மூன்று ஆண்டு நடந்தும் ஒன்றும் ஆகவில்லை என்று முடிவுகட்டி வீட்டிலேயே இருந்திருப்பார்கள். ஆனால் அவர்களின் உடலுக்குள்ளே நோய் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது.

எடை குறையாமல் எப்படிப் பயன் கிடைக்கிறது என்ற கேள்விக்கு விடை தசையில் இருக்கிறது. உணவுக்குப் பின் குருதியில் சேரும் குளுக்கோசைப் பெருமளவில் ஏற்றுக்கொள்ளும் உறுப்பு தசையே. வேலை செய்து சுருங்கும் தசை, இன்சுலின் சரிவரச் செயற்படாத உடலிலும், குளுக்கோசைத் தானே உள்ளிழுத்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. ஆனால் அந்த விளைவு ஓரிரு நாளில் தேய்ந்துவிடும். ஆகவேதான் பயிற்சியின்றித் தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் கழியவிட வேண்டாம் என்று நீரிழிவு உள்ளவர்களுக்கு மருத்துவ வழிகாட்டிகள் கூறுகின்றன. சனிக்கிழமை ஒரே நாளில் மூன்று மணி நேரம் நடந்துவிட்டு வாரம் முழுவதும் அமர்ந்திருப்பதால் கிடைக்கும் பயனைவிட, அந்த நேரத்தைப் பிரித்துப் பயன்படுத்துவது இக்காரணத்தாலேயே மேலானது.

தெற்காசியருக்கு இது கூடுதல் அக்கறைக்குரிய விடயம். ஒல்லியாகத் தோன்றும் தமிழருக்கும் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கக்கூடும். தெற்காசிய ஆண்களுக்கு இடைச்சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் எட்டினால் கவனம் தேவை என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. தையற்காரரின் அளவுநாடா இங்கே தராசைவிட நேர்மையானது.

வீட்டுப் பெண்களிடமிருந்து ஒரு மறுப்பு எழுவதுண்டு: "விடிந்தால் சமையல், கழுவல், பிள்ளைகள் என்று ஓடுகிறேன். இதற்கு மேல் என்ன பயிற்சி?" இது நியாயமான கேள்வி. வீட்டு வேலையும் உடல் அசைவுதான்; அது வீண் அல்ல. ஆனால் தசை தனக்குப் பழகிய சுமையால் வலுப்பெறுவதில்லை. பழகியதைவிடச் சற்றே கூடிய சுமையால்தான் வலுப்பெறும். ஊரில் உரலில் மா இடித்த கைகளும், கிணற்றில் நீர் இறைத்த தோள்களும் அந்தச் சுமையை வேலையின் ஊடாகவே பெற்றன. கனடாவில் மாவைப் பொதியாக வாங்குகிறோம். நீரைக் குழாய் தருகிறது. களைப்பு மட்டும் குறையவில்லை. களைத்துப்போவதும் வலுப்பெறுவதும் ஒன்றல்ல.

பாரம் தூக்குவது தமிழருக்குப் புதியதும் அல்ல. தமிழகத்துச் சிற்றூர்களில் இளவட்டக்கல் என்றொரு உருண்டைக் கல் கிடக்கும்; அதைத் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டும் இளைஞனுக்கு ஊரில் தனி மதிப்பு. அந்தக் கல்லில் ஒரு குறை உண்டு: அதற்கு ஒரே எடைதான். தூக்க முடிந்தவன் வீரன். முடியாதவனுக்கு அங்கே இடமில்லை. உடற்பயிற்சிக்கூடத்தில் இரண்டு இறாத்தலிலிருந்து தொடங்கலாம். எழுபது வயதுப் பாட்டிக்கும் அவருடைய பேரனுக்கும் அடுத்தடுத்த தட்டில் பாரம் இருக்கிறது. இளவட்டக்கல்லால் கொடுக்க முடியாத மரியாதை இது.

"வயது போய்விட்டது" என்போருக்காக, பொஸ்ரன் நகரின் முதியோர் இல்லமொன்றில் நடந்த ஓர் ஆய்வைக் குறிப்பிட வேண்டும். மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவருடன் பணிபுரிந்தோரும் அதை 1990ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பங்குபற்றியவர்களின் சராசரி வயது 90. எட்டு வாரங்கள் காற்தசைகளுக்குப் பாரப் பயிற்சி அளிக்கப்பட்டது. பாரமும் பெயரளவுக்கானது அல்ல, அவர்களால் தூக்கக்கூடிய உச்ச அளவை நெருங்கிய பாரம். பயிற்சியை நிறைவு செய்தவர்கள் ஒன்பது பேர். அவர்களின் காற்பலம் சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. ஒரு காலுக்கு முன் மறுகாலை ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கும் வேகம் 48 சதவீதம் கூடியது. கைத்தடியுடன் வந்தவர்களில் இருவர் தடியின்றி நடக்கத் தொடங்கினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் தொண்ணூறு வயதுத் தசையும் கற்றுக்கொள்ளும் என்பதை அது காட்டியது. பின்னர் நடந்த பல ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தின. பயிற்சி நின்றதும் பெற்ற பலம் குறையத் தொடங்கியது என்பதையும் அதே ஆய்வு மறைக்கவில்லை.

தடியை விட்ட அந்த இருவரிடமும் மாறியது கால் மட்டுமா? தன்னம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதைக் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் பிறந்த உளவியலாளர் அல்பேர்ட் பண்டூரா வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்தார். பிறர் சொல்லும் ஊக்க வார்த்தைகளால் ஓரளவு பயன் உண்டு. தம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பதாலும் பயன் உண்டு. எனினும் எல்லாவற்றிலும் வலியது, ஒருவர் தாமே ஒரு செயலைச் செய்து முடித்த அனுபவம் என்பது அவருடைய முடிவு. போன மாதம் நிலத்திலிருந்து எழுவதற்கு மகளின் கையைத் தேடிய தாய், இந்த மாதம் தானே எழுந்துவிட்டால், அவருக்கு எவரும் உரை நிகழ்த்தத் தேவையில்லை.

இதில் இழப்பதற்கும் நிறைய உண்டு. குளிர்காலத்தில் வழுக்கி விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் கார்த்திகை முதல் பங்குனி வரை வீட்டுக்குள்ளேயே இருந்துவிடும் மூத்தோர் பலர். அசையாதிருக்கும் மாதங்களில் கால்கள் மேலும் தளர்கின்றன. தளர்ந்த கால்களுடன் இளவேனிலில் வெளியே வரும்போது விழும் ஆபத்து கூடுகிறது. விழுவோம் என்ற அச்சமே விழுவதற்கு வழி செய்கிறது. கோவிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போவது குறைகிறது. மருந்துக்கடைக்குக்கூட மகனின் விடுமுறை நாளை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

எவ்வளவு பயிற்சி வேண்டும்? கனடாவின் தேசிய வழிகாட்டலின்படி வளர்ந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவு. வாரத்தில் இரு நாட்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 150 என்ற எண்ணைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. பத்து நிமிடமும் கணக்கில் சேரும். பனியற்ற மாதங்களில் ரூகுட் குளத்தைச் சுற்றியுள்ள பாதை இதற்கு அருமையான இடம். பனிக்காலத்தில் சமூக நிலையங்களும் கடைத்தொகுதிகளும் உண்டு.

தராசுக்குப் பதிலாக எதை வைத்து முன்னேற்றத்தை அளப்பது? ஒரு நாற்காலி போதும். சுவரோடு சாய்த்து வைத்த, கையில்லாத, உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறதென்று எண்ண வேண்டும். அருகில் ஒருவர் நிற்பது நல்லது. 60 முதல் 64 வயதுள்ள பெண்ணுக்கு 12 முறைக்கும், ஆணுக்கு 14 முறைக்கும் குறைந்தால் கால்வலு சராசரிக்குக் கீழே இருக்கிறதென்று கொள்ளலாம். எண்ணிக்கையை நாட்காட்டியில் குறித்துவைத்து மாதம் ஒருமுறை மீண்டும் பார்க்கலாம். ஆறு என்பது எட்டாக மாறும் நாளில் அந்த வீட்டில் ஒரு தேநீர் கூடுதலாக ஊற்றப்பட்டால் தவறில்லை.

சில எச்சரிக்கைகள். இருதய நோய், கட்டுப்படாத குருதி அழுத்தம், அண்மைய சத்திரசிகிச்சை ஆகியவை உள்ளவர்கள் முதலில் குடும்ப வைத்தியரிடம் கேட்க வேண்டும். இன்சுலின் எடுப்பவர்கள் சர்க்கரை திடீரெனக் குறையக்கூடும் என்பதால் இனிப்பு ஏதேனும் உடன் வைத்திருக்க வேண்டும். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கலாகாது. தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்த வேண்டும். நெஞ்சுவலி தணியாவிட்டால் தயங்காமல் 911.

உடை பற்றிய கூச்சம் பலருக்கு உண்டு. சல்வாரும் தளர்வான மேற்சட்டையும் போதுமானவை. துணி இயந்திரத்தில் சிக்காதபடி துப்பட்டாவை மட்டும் கழற்றி வைத்தால் சரி. பாதணி மட்டும் சிக்கனம் பார்க்கக்கூடாத பொருள். ஆங்கிலம் தடையாக இருந்தால் முதல் நாள் மகளையோ அயலவரையோ அழைத்துச் செல்லலாம். பெண்களுக்கான நேரம், மூத்தோர் வகுப்பு, கட்டண உதவி ஆகியவை பற்றி மாநகரசபையின் எந்தச் சமூக நிலையத்தின் வரவேற்பு மேசையிலும் விசாரிக்கலாம். கேட்பதற்குக் கட்டணம் இல்லை.

முதல் நாள் எதையும் தூக்க வேண்டியதில்லை. பேரப்பிள்ளையை நீச்சலுக்கு விட்டுவிட்டு, வாங்கில் அமராமல், வகுப்பு முடியும்வரை நிலையத்தின் நடைபாதைகளில் நடந்து பார்க்கலாம். இரண்டாம் வாரம் உடற்பயிற்சிக்கூடத்தின் கதவைத் திறந்து, இயந்திரங்களைக் காட்டித் தரும்படி பணியாளரைக் கேட்கலாம். பிள்ளை தலை துவட்டிக்கொண்டு வெளியே வரும்போது அம்மம்மாவைக் கொஞ்ச நேரம் தேட வேண்டியிருக்கும்.