வரைபடத்தில் ஒரு பனியாறு

நூற்றைம்பது ஆண்டுக்கு முன் ஒரு மலை எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமா? சுவிட்சர்லாந்தில் அதற்குப் பழைய நில வரைபடங்களை எடுக்கிறார்கள்.

தளபதி துஃபூர் தலைமையில் 1845 முதல் 1865 வரை அந்த நாட்டு வரைபடங்கள் வெளிவந்தன. 1870-இல் தொடங்கிய சீக்ஃபிரீட் வரைபடம் இன்னும் நுணுக்கமானது. அதன் சம உயரக் கோடுகளை உற்றுப் பாருங்கள்: மண்மேல் ஓடும்போது பழுப்பு நிறம், பனியாற்றின்மேல் ஏறியதும் அதே கோடு நீலமாகிவிடும்! நீலம் முடிகிற இடம்தான் அன்றைய பனியின் எல்லை.

அந்தக் கோடுகளைக் கணினியில் ஏற்றி இன்றைய உயரங்களோடு ஒப்பிட்டால், பனி எத்தனை மீட்டர் மெலிந்தது என்று தெரிந்துவிடும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. தாளில் அச்சான ஆண்டு வேறு, நிலத்தை அளந்த ஆண்டு வேறாக இருக்கலாம். பனி மூடாத பாறை முகடு இரண்டு வரைபடத்திலும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அங்கேயே வித்தியாசம் வந்தால் அது அளவையின் பிழை. பனியின் கணக்கில் சேராது. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பொறுமைதான்.

உதாரணத்துக்கு, சுவிட்சர்லாந்தின் ரோன் பனியாறு 1850 வாக்கில் கிளெட்ச் பள்ளத்தாக்கின் தரைவரை இறங்கியிருந்தது. இன்று பாறைச் சரிவுக்கு மேலே ஒதுங்கிவிட்டது. அதன் முன்னே ஒரு ஏரி.

சுவிஸ் நில அளவைத் துறை இந்த வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கைப்பேசியிலேயே ஆண்டை மாற்றி மாற்றிப் பார்க்கலாம்; வீட்டுப் பிள்ளைகளுக்கும் அவசியம் காட்டுங்கள்.