பனிக்காலைப் பொழுதில் எல்க் மான்கள்

சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, பாயிண்ட் ரேயஸ் கடற்கரையில் டொமாலிஸ் முனை என்றொரு நிலமுனை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் குளிர்காலம்தான் மழைக்காலம். கோடையில் காய்ந்து கிடக்கும் குன்றுகள் ஜனவரியில் பச்சையாகிவிடும். அந்தப் பச்சையில் மேயும் டூலி எல்க் மான்களைப் படமெடுக்க விடியலிலேயே ஆட்கள் வந்துவிடுகிறார்கள்.

இந்த மான்கள் அழிவின் விளிம்புவரை போய் வந்தவை. ஒரு காலத்தில் சுமார் 5 லட்சம் இருந்தன என்கிறார்கள். 1849-இல் தங்கம் தேடி வந்த கூட்டம் இறைச்சிக்காகச் சுட்டுத் தள்ளியது. இனமே முடிந்தது என்று நினைத்த வேளையில், 1874-இல் ஹென்றி மில்லர் என்ற பண்ணையாரின் நிலத்தில் ஒருசில தென்பட்டன. அவற்றைக் காக்க அவர் உத்தரவிட்டார். மாட்டுப் பண்ணை முதலாளி ஒருவர் செய்த இந்தக் காரியத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். 1978-இல் 10 மான்கள் டொமாலிஸ் முனைக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றை அடைத்து வைத்திருந்த வேலியை அகற்ற 2024 டிசம்பரில் முடிவானது.

படமெடுக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. சூரியன் எதிரே இருந்தால் மானின் மூச்சு வெண்புகையாகத் தெரியும், கொம்பின் விளிம்பு ஒளிரும். 400 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் கிட்டப் போக வேண்டிய தேவையே இல்லை. மேய்வதை நிறுத்தி மான் உங்களை நிமிர்ந்து பார்த்தால், அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். தயவுசெய்து மெதுவாகப் பின்வாங்குங்கள். குளிர்கால முடிவில் விழும் கொம்புகளையும் எடுத்து வராதீர்கள்; அங்கே அது சட்டப்படி குற்றம்.