சிறு கூடத்திற்கு இரண்டு வண்ணம்



தீபாவளி நெருங்கும்போது தோட்டத்து வீடுகளில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். ஒன்று முறுக்கு சுடுவது. மற்றொன்று வீட்டுக்குச் சாயம் அடிப்பது. முறுக்கைப் பற்றி நம் தாய்மார்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே சாயத்தைப் பற்றிப் பேசுகிறேன். அதிலும் பத்தடிக்குப் பன்னிரண்டு அடி என்று இருக்கும் நம் கூடத்தில், இரண்டு அழுத்தமான வண்ணங்களை வைத்து அழகு செய்வது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். தீபாவளிக்கு வாங்கிய முன்பணத்தில் என் தந்தையார் இரண்டு டின் சாயம் வாங்கி வந்தார். ஒன்று நல்ல சிவப்பு, மற்றது நல்ல பச்சை. இரண்டும் அவருக்குப் பிடித்த நிறங்கள். எதையும் விட மனமில்லாமல் இரண்டு சுவருக்குச் சிவப்பும் இரண்டு சுவருக்குப் பச்சையும் அடித்தார். பக்கத்து வீட்டு அத்தை வந்து பார்த்து, "அண்ணே, கல்யாண வீடு மாதிரி இருக்கு" என்றார். மூன்று நாள் எல்லாருக்கும் பெருமைதான். அதன்பின் அரிசி புடைக்க அம்மா அஞ்சடிக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். நான் பள்ளிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். காசு செலவாகிவிட்டதே என்று யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த தீபாவளிக்குத்தான் அது மாறியது. அப்போதும் சிவப்பின் மேல் மூன்று முறை வெள்ளை அடித்தும் சுவர் இளஞ்சிவப்பாகவே தெரிந்தது.

சிவப்பும் நல்ல நிறம், பச்சையும் நல்ல நிறம். பிறகு ஏன் அந்தக் கூடத்தில் உட்கார முடியவில்லை?

இதே போன்ற ஒரு கேள்வி பிரான்ஸ் நாட்டில் ஒரு ரசாயன அறிஞருக்கு எழுந்தது. அவர் பெயர் ஷெவ்ரோல். பாரிஸ் நகரில் சித்திரத் திரைச்சீலைகள் நெய்யும் அரசாங்க நெசவுச்சாலை ஒன்றில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். கறுப்பு நூல் நன்றாகக் கறுக்கவில்லை என்று அவரிடம் புகார் வந்தது. சாயத்தைச் சோதித்துப் பார்த்தார். அதில் குறையொன்றும் இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நெய்திருந்த நிறமே அதை வெளுத்துக் காட்டியது! ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தை மாற்றிக் காட்டும் என்ற இந்த உண்மையை 1839-ஆம் ஆண்டில் பெரிய நூலாகவே எழுதி வெளியிட்டார்.

நீங்களும் வீட்டில் சோதிக்கலாம். ஒரு சிவப்புத் துணியை அரை நிமிடம் உற்றுப் பாருங்கள். உடனே வெள்ளைச் சுவரைப் பாருங்கள். பச்சை கலந்த ஒரு நிழல் தெரியும். சிவப்பைப் பார்த்துக் களைத்த கண், பச்சையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அப்படியிருக்க, பக்கத்திலேயே உண்மையான பச்சைச் சுவரும் இருந்தால் சிவப்பு இன்னும் சிவக்கும், பச்சை இன்னும் பச்சையாகும். கண்ணுக்கு ஓய்வே இல்லை.

அதற்காக வண்ணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளிறிப்போன பழுப்பு நிறத்தைப் பூசிவிட்டு அதுதான் நாகரிகம் என்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வழி நம் அலமாரியிலேயே இருக்கிறது. ஒரு பட்டுச் சேலையை எடுத்து விரித்துப் பாருங்கள். அரக்குச் சிவப்பு உடல், பச்சைக் கரை. எங்கள் அப்பா வாங்கிய அதே இரண்டு நிறங்கள்தாம்! ஆனால் நெசவாளர் பாதிக்குப் பாதி பிரிக்கவில்லை. ஒரு நிறத்துக்கு உடலைக் கொடுத்தார். மற்றதற்குக் கரையையும் முந்தானையையும் கொடுத்தார். கூடத்திலும் இப்படித்தான் செய்ய வேண்டும்.

கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் சரிசமமாகப் பட்டை போட்டிருக்கிறதே என்று கேட்பீர்கள். அது வெயிலில் தள்ளி நின்று பார்ப்பதற்கு. நாம் கூடத்துக்குள்ளேயே உட்கார்ந்திருப்பவர்கள். மேலும் அங்கே ஒரு பட்டை வெள்ளை என்பதையும் கவனியுங்கள்.

மயில்கழுத்து நீலமும் மஞ்சளும் உங்களுக்குப் பிடித்தவை என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு சுவருக்கு நீலம் அடியுங்கள். எந்தச் சுவர்? சன்னலுக்கு எதிர்ச்சுவர். அதன் மேல் வெளிச்சம் விழும், நிறம் எடுப்பாக நிற்கும். சன்னல் உள்ள சுவருக்கு அழுத்தமான நிறம் ஆகாது; வெளியிலிருந்து வரும் வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது அந்தச் சுவர் இருண்டுதான் தெரியும். மற்ற மூன்று சுவர்களும் மேற்கூரையும் வெள்ளையாக இருக்கட்டும். பிள்ளைகள் இரவில் படிப்பதற்கும் வெள்ளைச் சுவரே துணை, விளக்கு வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். மஞ்சளைத் திரைத்துணிக்கும் நாற்காலித் திண்டுகளுக்கும் மட்டும் கொடுங்கள். அதுதான் கரை. மூன்றாவதாக ஒரு நிறம் நுழைய இடம் கொடுக்காதீர்கள். மர நாற்காலி, மேசையின் நிறத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சுவாமி படங்களுக்கும் கணக்கில்லை, அவற்றில் எல்லா நிறமும் இருக்கும். ஆனால் அவற்றை நாலாபுறமும் மாட்டாமல் ஒரு வெள்ளைச் சுவரில் ஒன்றாகச் சேர்த்து மாட்டினால் கூடம் அடக்கமாக இருக்கும்.

கடையில் காட்டும் சிறு அட்டையைப் பார்த்து நிறத்தை முடிவு செய்யாதீர்கள். அட்டையில் இருப்பதைவிடச் சுவரில் நிறம் அழுத்தமாகத் தெரியும். சின்ன டின் ஒன்று வாங்கி, பெரிய அட்டையில் பூசி, அதைச் சுவரில் சாய்த்து வைத்துக் காலையிலும் உச்சியிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். மஞ்சள் வெளிச்சம் தரும் குமிழ் விளக்கில் நீலம் மங்கிக் கறுத்துவிடும். பன்னிரண்டு அடி நீளம், ஒன்பதடி உயரம் உள்ள ஒரு சுவருக்கு, நீர்ச்சாயம் இரண்டு பூச்சுக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் போதும். அதற்குமேல் வாங்கிச் செலவு செய்யத் தேவையில்லை.

இனி ஒரு முக்கியமான எச்சரிக்கை. பழைய எண்ணெய்ச் சாயங்களில், குறிப்பாகப் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, பச்சை ஆகியவற்றில், காரீயம் கலந்திருப்பதுண்டு. புதுச் சாயம் அடிப்பதற்காகப் பழையதை உப்புத்தாளால் தேய்க்கும்போது அந்தத் தூசி தரையில் படியும். தவழும் குழந்தை கையை ஊன்றி, அதே கையை வாயில் வைக்கும். காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு வரை பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எனவே பழைய சாயம் உறுதியாக ஒட்டியிருந்தால் சுரண்டாமல் அதன் மேலேயே பூசுங்கள். உரிந்து தொங்கினால் தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு சுரண்டுங்கள். நெருப்பு காட்டி உரிக்கவே கூடாது. பிள்ளைகளும் கர்ப்பிணிப் பெண்களும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். புதிதாக வாங்கும்போது காரீயம் சேர்க்காத சாயமா என்று கடைக்காரரிடம் கேட்டு, டின்னில் எழுதியிருப்பதையும் படித்துப் பாருங்கள்.

தோட்ட வீடு நிர்வாகத்துக்குச் சொந்தமானது. சுவருக்கு அழுத்தமான நிறம் அடிக்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது. ஒப்புதல் கிடைக்காவிட்டால் சுவர்களை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள். இரண்டு வண்ணங்களையும் துணியிலேயே கொண்டுவரலாம். திரைக்கும் பாய்க்கும் ஒன்று, திண்டுக்கும் மேசை விரிப்புக்கும் மற்றொன்று. எங்கள் வீட்டிலும் கடைசியில் பச்சை திரைச்சீலையாகத்தான் நின்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிய நாளில் சிவப்புச் சுவரை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். பச்சைத் திரை எங்களோடு வந்து பட்டணத்து வீட்டுச் சன்னலிலும் தொங்கியது.

நாலடி அகலமும் ஐந்தடி உயரமும் உள்ள சன்னலுக்குத் திரை தைக்க, நாற்பத்தைந்து அங்குல அகலத் துணியில் நாலு கஜம் வேண்டும். ஐந்து கஜமாக வாங்கினால் இரண்டு திண்டு உறைகளும் தைத்துவிடலாம். தைக்குமுன் துணியை ஒரு முறை தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிடுங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடும், சாயம் போகுமா போகாதா என்பதும் தெரிந்துவிடும்.