படிக்கட்டும் சமத்துவமும்

(செங்கல்பட்டில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் மோட்ச நரகத்தைப் பற்றியதல்ல; படிக்கட்டைப் பற்றியது. "படிக்கட்டைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு பொதுக்கூட்டமா?" என்று சிலர் சிரிக்கலாம். அப்படிச் சிரிப்பவர்களுக்கு இரண்டு கால்களும் நன்றாக இருக்கின்றன என்பதைத் தவிர அந்தச் சிரிப்புக்கு வேறு அர்த்தம் கிடையாது.

முதலில் நம்முடைய குற்றத்தை நாமே ஒப்புக் கொண்டு விடுகிறோம். சில மாதங்களுக்கு முன் இந்த ஜில்லாவில் ஓர் ஊரில் பாட்டு, நாடகம், பிறகு சொற்பொழிவு என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினோம். வாடகை குறைவு என்பதற்காக ஒரு கட்டடத்தின் மாடியைப் பிடித்தோம். "எல்லோரும் சமம்" என்று துணியில் பெரிய எழுத்தில் எழுதி மேடைக்குப் பின்னால் கட்டினோம். எல்லாம் முடிந்து கீழே இறங்கி வந்தால், அரிசி மில்லில் ஒரு காலை இழந்த நமது தோழர் ஒருவர் தம்முடைய மூன்று சக்கர வண்டியில் தெருவிலேயே உட்கார்ந்திருந்தார். பாட்டுச் சத்தம் மட்டும் கொஞ்சம் காதில் விழுந்ததாம். "மேலே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் நாலு பேர் வந்து தூக்கிக் கொண்டு போயிருப்போமே" என்றோம். அதற்கு அவர், "அண்ணே, நான் என்ன நெல் மூட்டையா? சமத்துவம் மாடியிலேதான் இருக்குமென்றால் எனக்கு அது வேண்டாம்" என்று சொல்லி வண்டியைத் திருப்பிக் கொண்டு போய்விட்டார்.

நாம் எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பண்டிதர்களுடைய கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறோம். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நம்மிடம் பதில் இல்லை. இன்றையக் கூட்டத்தை மாடியை விட்டு மைதானத்தில் போட்டிருப்பதற்குக் காரணம் அதுதான். அந்தத் தோழர் இப்போது முன் வரிசையில் இருக்கிறார். இந்தப் பேச்சு அவருக்கு நாம் பட்ட கடன்.

நிற்க, இந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கண்ணில்லாதவரையும் காது கேளாதவரையும் கால் வழங்காதவரையும் பார்த்தால் நம் ஜனங்கள் முதலில் என்ன சொல்லுகிறார்கள்? "போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தானோ!" என்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தில் எல்லோருடைய பொறுப்பும் தீர்ந்து போகிறது. அவன் பாவம் அவனுக்கு. நாம் படியை இடிக்க வேண்டியதில்லை, பாதை போட வேண்டியதில்லை, பரிதாபப்பட்டு ஒரு காசு போட்டால் நமக்குப் புண்ணியம் வேறு!

இந்த வினைக் கணக்கு எவ்வளவு பெரிய பொய் என்பதற்கு இரண்டு சாட்சிகளைச் சொல்லுகிறோம். முதல் சாட்சி இளம்பிள்ளை வாதம். குழந்தைகளின் கால்களை முடக்கிய இந்த நோய்க்கு நாடு முழுவதும் பரிகாரம் செய்தார்கள், மாவிளக்குப் போட்டார்கள், மொட்டையடித்தார்கள். நோய் போகவில்லை. 1995 முதல் தேசமெங்கும் சொட்டு மருந்து முகாம் நடத்தினார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு அந்த நோய்க் கிருமியின் இயற்கை வகையால் இந்தியாவில் ஒரு குழந்தைகூடப் பாதிக்கப்படவில்லை. 2014 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தப் பிரதேசத்தையே போலியோ இல்லாத பிரதேசம் என்று சான்று கொடுத்தது. அப்படியானால் 2011-க்குப் பிறகு போன ஜென்மத்தில் பாவம் செய்தவர்கள் யாருமே பிறக்கவில்லையா? இரண்டு சொட்டு மருந்துக்குப் பயந்து கர்மவினை ஓடிப் போய்விட்டதா?

இரண்டாவது சாட்சி உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருமணியில் 1924-ல் லேடி வில்லிங்டன் பெயரால் ஏற்பட்ட குஷ்டரோக ஆஸ்பத்திரி, 1955-ல் மத்திய சர்க்கார் வசமாகி, ஆராய்ச்சி நிலையமாக இருந்து வருகிறது. இந்த நோயைத்தான் தெய்வ தண்டனை என்று சொல்லி மனிதனை ஊரை விட்டே துரத்தினார்கள். 1873-ல் நார்வே தேசத்து டாக்டர் ஹான்சன் இதற்குக் காரணம் ஒரு கிருமி என்று கண்டுபிடித்தார். இன்று கூட்டு மருந்து சாப்பிட்டால் குணமாகிறது. குணமான பிறகும் விரல் மடங்கி, கால் மரத்துப் போனவர்களை நாடகக் கொட்டகையில் நம் பக்கத்தில் உட்கார விடுகிறோமா? மருந்து கிருமியைக் கொன்றது. நம் மனத்திலிருக்கும் அருவருப்பைக் கொல்லுவதற்கு மருந்துக் கடையில் ஒன்றும் விற்பதில்லை. அதை நாமே செய்து கொள்ள வேண்டும்.

தோழர்களே! 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் உடற்குறை உள்ளவர்கள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல். அந்தக் கணக்கு எடுத்தபோது சட்டம் ஏற்றுக் கொண்ட குறைகள் குறைவு. 2016-ஆம் வருஷத்துச் சட்டம் 21 வகைகளை ஏற்றுக் கொண்டிருக்கிறது. குஷ்டம் நீங்கியவர்களும் அதில் சேர்ந்தவர்கள். இவர்களுக்கு நாம் "மாற்றுத் திறனாளிகள்" என்று மரியாதையான பெயர் வைத்திருக்கிறோம். நல்ல காரியந்தான். ஆனால் பெயரை மாற்றினோமே தவிர, படியை மாற்றினோமா?

"சோற்றுக்கும் வேலைக்கும் வழி கேட்டால் நியாயம், ஆட்டத்துக்கும் பாட்டுக்குமா வழி கேட்பது?" என்று ஒரு கூட்டம் சொல்லும். நாம் கேட்கிறோம்: கண்ணும் காலும் உள்ளவர்கள் சோறு தின்பதோடு நிறுத்திக் கொள்ளுகிறார்களா? சினிமாவுக்கும் கச்சேரிக்கும் ராத்திரி முழுதும் கூத்துக்கும் ஓடுகிறவர்கள், மற்றவனுக்கு மட்டும் கஞ்சி போதும் என்பது எந்த ஊர் நியாயம்? 2016-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 29-வது பிரிவு, கலாசார வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களோடு சமமாகக் கலந்து கொள்ளும் உரிமையைக் காப்பாற்ற சர்க்காரும் ஸ்தல ஸ்தாபனங்களும் நடவடிக்கை எடுக்க வேண்டுமென்றும், கலையை இவர்களுக்கு எட்டும்படி செய்ய வேண்டுமென்றும் சொல்லுகிறது. 2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், வசதி செய்து தருவது சம்பந்தமான ஒரு விதி கட்டாயமாக இல்லாமல் வெறும் யோசனையாக இருக்கிறதென்று அதைத் தள்ளி, கட்டாய விதிகள் செய்யும்படி உத்தரவிட்டார்கள். ஆகவே நாம் கேட்பது பிச்சையல்ல, சட்டத்தில் எழுதியிருப்பதை.

இனி மாமல்லபுரத்துக்குப் போவோம். இங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் ஊர். ஆண்டுதோறும் டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை சர்க்கார் சுற்றுலா இலாகா அங்கே நாட்டிய விழா நடத்துகிறது. உலகமெங்கும் இருந்து ஜனங்கள் வருகிறார்கள். நம் செங்கல்பட்டிலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் போக வேண்டுமானால் முதலில் பஸ் படி, பிறகு மணல், பிறகு பாறை, பிறகு மேடு பள்ளம். நாட்டியம் ஆரம்பிப்பதற்கு முன்பே இவர் ஆடி முடித்து விடுகிறார்!

"அது பழங்காலத்துக் கல், அதில் கை வைக்கக் கூடாது" என்று சொல்லுவார்கள். கல்லை உடைக்கச் சொல்லவில்லை. ஆணி அடிக்காமல், வேண்டும்போது போட்டு வேண்டாதபோது எடுக்கக் கூடிய மரப்பாதை போடலாம். கிரீஸ் தேசத்து ஏதென்ஸில் 2,400 வருஷங்களுக்கு மேற்பட்ட கட்டடங்கள் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்றுக்கு 2020-ல் புதிய லிப்டு வைத்து, மேலே சமமான பாதையும் போட்டார்கள். குன்று இடிந்து விடவில்லை.

மணலில் முடியாதென்பார்கள். சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27-ந் தேதி 263 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள மரப்பாதை திறக்கப்பட்டது. செலவு சுமார் 1 கோடியே 14 லட்சம். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அலை காலில் படும் இடத்துக்கு அருகே போனார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல், அதுவும் மாமல்லபுரத்தை ஒட்டியே கரை கடந்த புயல், அந்தப் பாதையைச் சேதப்படுத்தியது. உடனே "கடலே வேண்டாமென்று சொல்லி விட்டது" என்று சாஸ்திரம் பேச ஆளிருந்தார்கள். ஆனால் பழுது பார்த்து மறுபடியும் திறந்தார்கள். தார் ரோட்டைப் புயல் அரித்தால் ரோடே வேண்டாமென்று யாராவது சொல்லுகிறோமா?

மாமல்லபுரத்திலேயே முடியும் என்பதற்கும் ருசு இருக்கிறது. 2022 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கே 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அதில் தேசங்களின் கோஷ்டிகளோடு, கண்ணில்லாதவர்கள், காது கேளாதவர்கள், உடற்குறை உள்ளவர்கள் ஆகியோரின் சர்வதேசச் சங்கங்களின் கோஷ்டிகளும் ஆடின. கண்ணில்லாதவர் ஆடும் பலகையில் ஒவ்வொரு கட்டத்திலும் துவாரம் இருக்கும். கறுப்புக் கட்டம் கொஞ்சம் உயர்ந்திருக்கும். அவர் விரலால் பார்த்து ஆடுவார். அன்னிய நாட்டிலிருந்து வந்த விளையாட்டுக்காரருக்கு அந்த மண்ணில் இடமிருந்தால், மதுராந்தகத்திலிருந்து வரும் பார்வையாளருக்கு ஏன் இருக்கக் கூடாது? 2019 அக்டோபரில் சீனத் தலைவர் வருகிறாரென்று அந்த ஊரின் ரோடும் தெருவும் எவ்வளவு சீக்கிரத்தில் பளபளத்தன என்பதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். ஆகவே முடியாது என்பதல்ல. நமக்காகச் செய்ய மனமில்லை என்பதுதான்.

என்ன செய்ய வேண்டுமென்று கேட்பவர்களுக்கு ஒன்றொன்றாகச் சொல்லுகிறோம். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருந்தால்தான் அது சாய்தளம். அதற்குக் குறைந்தால் அது சறுக்கு மரம். வாசல் சுமார் மூன்று அடி அகலமாவது இருக்க வேண்டும். நாற்காலி போகக் கூடிய கக்கூசு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மற்ற வசதி எல்லாம் வீண், ஏனென்றால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் யார் நாட்டியம் பார்க்க வருவார்கள்? உட்காருமிடம் ஒரு மூலையில் தனிக் கூண்டாக இல்லாமல், கூட வந்த பெண்டு பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரும்படி இருக்க வேண்டும். காது கேளாதவருக்கு மேடையோரம் வெளிச்சத்தில் சைகை மொழிக்காரர் நிற்க வேண்டும். பாட்டின் கருத்து திரையில் எழுத்தாக வர வேண்டும். கண்ணில்லாதவருக்கு, மேடையில் நடப்பதை ஒருவர் மெதுவாகச் சொல்ல, அது சின்னக் கருவி மூலம் அவர் காதுக்கு மட்டும் கேட்க வேண்டும். அமெரிக்காவில் 1980-களிலேயே நாடகங்களில் இது வழக்கத்துக்கு வந்துவிட்டது. சினிமாக் கொட்டகைகளுக்கு இம்மாதிரி வசதி வேண்டுமென்று இந்திய சர்க்காரும் 2024-ல் வழிகாட்டு விதிகள் வெளியிட்டிருக்கிறார்கள். இன்னின்ன வசதி உண்டு என்று விளம்பர நோட்டீசிலேயே அச்சிட வேண்டும். சொல்லாத வசதி இல்லாத வசதிதான்.

சிற்பங்களைக் கண்ணில்லாதவர் எப்படிப் பார்ப்பார்? பழைய சிற்பத்தைத் தினம் ஆயிரம் கைகள் தடவினால் அது தேய்ந்து போகும் என்பது வாஸ்தவம். ஆனால் அதே ஊரில் 1957 முதல் சர்க்கார் சிற்பக் கல்லூரி நடந்து வருகிறது. தெருவெல்லாம் உளிச்சத்தம். அங்கேயுள்ள சிற்பத் தொழிலாளர்களைக் கொண்டு, அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் அந்தப் பெரிய பாறையையும், ஐந்து ரதங்களையும் சின்ன உருவில் செதுக்கி, பக்கத்தில் பிரெயில் எழுத்தில் விவரமும் வைத்தால், கண்ணில்லாத குழந்தை அந்த யானையையும் அதன் கீழே நிற்கும் குட்டியையும் விரலால் பார்க்கும். சிற்பிக்கும் வேலை கிடைக்கும். டில்லி தேசிய மியூசியத்தில் இவ்விதம் தொட்டுப் பார்க்கும் கூடமே ஏற்படுத்தியிருக்கிறார்கள். யோசனை கேட்க வெகு தூரம் போக வேண்டியதில்லை. பலவகைக் குறைகள் உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம் அதே கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005 முதல் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குறை உள்ளவர்களையே கேட்க வேண்டும். செருப்பு எங்கே கடிக்கிறதென்று போட்டிருப்பவனுக்குத்தான் தெரியும்.

"வருகிறவர்களே இரண்டு பேர், அவர்களுக்காக இவ்வளவு செலவா?" என்பது கடைசி ஆட்சேபணை. பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வராதபோது, "பெண்களுக்குப் படிப்பில் ஆசையில்லை" என்று சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இதைச் சொல்லுகிறார்கள். வழியை அடைத்து வைத்துவிட்டு வருவாரில்லை என்பது என்ன யோக்கியமான கணக்கு? அன்றியும் சாய்தளம் இரண்டு பேருக்கு மட்டுமா? முழங்கால் வலிக்காரக் கிழவிக்கு, பிள்ளைத்தாய்ச்சிக்கு, கைக்குழந்தையோடு வருகிறவளுக்கு எல்லாம் அதே பாதைதான். நாம் எல்லோருமே, சாகாமலிருந்தால், ஒருநாள் அந்தப் பாதைக்கு வரப் போகிறவர்கள்தான்.

இதே செங்கல்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய முதலாவது சுயமரியாதை மாநாட்டில், பிறப்பினால் ஒருவன் தாழ்ந்தவன் இல்லை என்று தீர்மானித்தார்கள். அன்று பலகை போட்டுத் தெருவை அடைத்தவர்களைக் கேட்டோம். இன்று படி கட்டி வாசலை அடைக்கிறவர்களைக் கேட்க வேண்டும். முதலில் நம்மையே கேட்டுக் கொள்ள வேண்டும்.

ஆகவே தோழர்களே! இங்கே கூடியிருக்கும் நாம் மூன்று காரியங்களுக்கு ஒப்புக் கொள்ள வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகிறோம். ஒன்று, இனி நமது கூட்டமோ நாடகமோ சக்கர நாற்காலி போகாத இடத்தில் நடத்துவதில்லை. இரண்டு, நம் ஊரில் யார் விழா நடத்தினாலும் சந்தாக் கொடுக்குமுன் "சாய்தளம் உண்டா? சைகை மொழி உண்டா?" என்று கேட்பது. மூன்று, அடுத்த டிசம்பரில் மாமல்லபுரம் நாட்டிய விழாவுக்கு இந்த ஜில்லாவிலுள்ள மாற்றுத் திறனாளித் தோழர்களோடு சேர்ந்து போவதென்றும், அதற்கு வேண்டிய வசதிகளைக் கேட்டு இப்போதே கலெக்டருக்கும் சுற்றுலா இலாகாவுக்கும் மனுப்போடுவதென்றும் முடிவு செய்வது. மனுவில் முதல் கையெழுத்து முன் வரிசையிலிருக்கும் நம் தோழருடையதாக இருக்கட்டும். அவரைத் தூக்கிக் கொண்டு போவது நம்முடைய தயவு. அவர் தாமே வண்டியை ஓட்டிக் கொண்டு உள்ளே போவது அவருடைய உரிமை. தயவில் சுயமரியாதை இல்லை என்று சொல்லி, நம் பேச்சை இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.